மூடியில் பொறித்த பெயர்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியளவில், கேரள எல்லையோரத்து முதலமடைப் பேருந்து நிறுத்தத்தை அடுத்த தேநீர்க் கடையின் பலகையில் இருவர் வந்தமர்ந்தனர். வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தவன் சுடலைமணி. மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், வாழ்பவன். உடன் வந்தவன் அவன் மனைவி செல்வலட்சுமியின் தம்பி ராஜசேகர். முந்தைய நாளே மலையிறங்கிப் பொள்ளாச்சியில் உறவினர் வீட்டில் தங்கி, காலைப் பேருந்தில் அவர்கள் வந்து சேர்ந்திருந்தனர்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சுடலைமணி மூணாற்று மலைகளில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஜீப்பு ஓட்டி வந்தான். ஓட்டியதெல்லாம் பிறர் வண்டி. தனக்கென்று ஒரு ஜீப்பு, மேற்கூரையற்றதாய், வாடகைக்கு விடாமல் தன் மகிழ்ச்சிக்காகவே ஓட்டத்தக்கதாய் வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. அத்தகைய ஜீப்பின் படம் ஒன்று பத்து நாள்களுக்கு முன் கைபேசியில் வந்தது. மாம்பழ மஞ்சள் நிறம். விலையும் அவன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அன்று முதல் அவனுக்கு உறக்கம் சரியாக இல்லை.

"அத்தான், நம்ம பக்கம் கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுப் பெரிய பிளெக்ஸ் வைக்க மாட்டாக," என்றான் ராஜசேகர்.

எதிரே மின்கம்பத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டப்பட்டிருந்தது. 'ரா. முத்தாத்தாள், வயது 48' என்னும் எழுத்துகளுக்கு மேல், புகைப்படத்துக்கென்று முகத்தை இறுக்கிக்கொண்ட ஒரு பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோப்புல மாங்காய் பொறுக்கற பொம்பளதானுங்க," என்றார் கடைக்காரர், தேநீரை ஆற்றியபடி. "வெடியக்காலம் வேலைக்கு நடந்து போயிட்டிருந்துச்சு. ஏதோ வண்டி அடிச்சுப் போட்டு நிக்காமப் போயிருச்சுங்க. ஒன்றரை மணி நேரம் ரோட்டோரத்துல உசுரோட கெடந்துச்சு. லாரி, காரு, பைக்குன்னு எத்தனையோ போச்சுங்க. ஒருத்தரும் தூக்கல. தூக்குனா போலீசு, கோர்ட்டுன்னு அலையோணுமேன்னு பயம்."

"எந்த வண்டின்னு தெரியலையோ?" என்று சுடலைமணி வினவினான்.

"இருவது நாளாச்சுங்க. இன்னும் தெரியல."

அவ்விருவரும் வருத்தம் தெரிவித்துவிட்டுத் தேநீரைக் குடித்து எழுந்தனர்.

ஜீப்பை விற்கவிருந்த பொங்கியண்ணனின் பண்ணை வீடு மாந்தோப்புக்கு நடுவே இருந்தது. அறுபது வயதை எட்டிய அவர் வாயிலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க தம்பி, வாங்க. சிரமமில்லாம வந்தீங்களா? பத்தரைக்கு ராகு காலம் பொறந்துருமுங்க. அதுக்குள்ள வண்டி நம்ம வாசலைத் தாண்டீரோணும்."

மரநிழலில் ஜீப்பு நின்றது. புதுவண்ணம் கண்ணைப் பறித்தது. அவருடைய மகன் பூபதிராஜா சற்றுத் தொலைவில் கைபேசியைப் பார்த்தவாறு நின்றான். வந்தவர்களை நோக்கி ஒருமுறையும் அவன் தலை நிமிரவில்லை.

சுடலைமணி வண்டியைச் சுற்றி வந்தான். முன்பக்கத்து எஞ்சின் மூடி முற்றிலும் புதியது. இடப்பக்க விளக்கு வலப்பக்க விளக்கைவிடத் தெளிவாக மின்னியது. பதிவுப் புத்தகத்திலோ வண்டியின் நிறம் பச்சை என்றிருந்தது.

"நெறம் மாத்திருக்கீகளோ?"

"பையனோட ஆசைங்க," என்றார் பொங்கியண்ணன் விரைவாக. "மாம்பழக் கலரு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னான்."

பழைய வண்டியை வாங்குவோர் அதன் அடியில் படுத்துப் பார்த்த பின்னரே கைகொடுக்க வேண்டும் என்று, புதிதாகத் தொழிலுக்கு வருவோர்க்கெல்லாம் அறிவுரை சொல்பவன் சுடலைமணி. அன்று அவன் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான், மீண்டும் அந்த மஞ்சள் நிறத்தைப் பார்த்தான். தேநீர்க் கடையில் கேட்ட செய்தி ஒரு கணம் நெஞ்சில் நெருடியது. அதனை அவனே அழுத்திக் கீழே தள்ளினான். ஆசைப்பட்ட பொருள் கையருகே நிற்கும்போது, கேட்க வேண்டிய கேள்வி எவருக்கும் தொண்டையோடு நின்றுவிடுகிறது.

பொங்கியண்ணனின் மனைவி பழனாத்தாள் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் கொளுத்தினார். வாங்குபவர் தம் ஊரில் செய்யும் சடங்கை விற்பவரே செய்வது புதுமையாயிருந்தது.

"பொண்ணைக் கட்டிக் குடுக்குற மாதிரில்லா வழியனுப்புதாக!" என்று ராஜசேகர் காதோடு சொல்லிச் சிரித்தான்.

பத்தே காலுக்கு ஜீப்பு வாயிலைத் தாண்டியது.

அதன் பின் வந்த மூன்று மணி நேரத்தைப் போன்றதொரு மகிழ்ச்சியைச் சுடலைமணி தன் வாழ்நாளில் அறிந்ததில்லை. கோவிந்தாபுரம் கடந்து, பொள்ளாச்சி கடந்து, உடுமலைச் சாலையில் காற்று முகத்தில் வந்து மோதியது. ராஜசேகர் கம்பியைப் பற்றிக்கொண்டு எழுந்து நின்று, எதிர்ப்பட்ட ஆடு மேய்ப்பவர்க்கெல்லாம் கையசைத்தான்.

"ஏல, உக்காரு மாப்ள! தேர்தலுக்கா நிக்க?"

"நின்னாலும் செயிச்சிருவேன் அத்தான். வண்டி அப்படி!"

பொள்ளாச்சியில் ஒருமுறையும், உடுமலையில் ஒருமுறையும் பொங்கியண்ணன் அழைத்து, "எங்கீங்க போயிட்டிருக்கறீங்க?" என்று கேட்டார். "எம்புட்டு அக்கறை பாத்தீகளா," என்றான் ராஜசேகர். பள்ளம் வந்த இடங்களில் எல்லாம் இடப்பக்கத்து முன்சக்கரத்தின் அருகே தகரம் தட்டுவது போன்ற ஓசை எழுந்துகொண்டிருந்தது.

சின்னாற்றுக் காட்டைக் கடந்து மலையேறத் தொடங்கியதும் அவ்வோசை ஓயவேயில்லை. மறையூரில் கரும்புத் தோட்டமொன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தினான். சட்டையைக் கழற்றி இருக்கையில் வைத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்தான்.

முன்சக்கரத்து வில்பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஏதோ நசுங்கிச் செருகியிருந்தது. திருகியும் நெம்பியும் வெளியே எடுத்தான். அது ஓர் எவர்சில்வர் தூக்குவாளியின் மூடி. இரண்டாக மடங்கிய அதனை நிமிர்த்திச் சேற்றைத் துடைத்தபோது, பாத்திரக் கடைகளில் புள்ளி புள்ளியாகப் பொறித்துக் கொடுக்கும் எழுத்துகள் தெரிந்தன.

ரா. முத்தாத்தாள்.

சுடலைமணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மூடியை வாங்கிப் பார்த்த ராஜசேகரின் முகத்திலிருந்த சிரிப்பும் மறைந்தது.

"அத்தான்," என்றான் ராஜசேகர் மெல்ல. "அந்தா ஆத்துல வீசிருவோம். இடிச்சவன் வேற எவனோ. நம்ம காசு குடுத்து வாங்கினோம். நமக்கென்ன?"

"அந்தப் பொம்பள பேரு இருக்குல மாப்ள."

"இருக்கட்டும். போலீசுக்குப் போனா வண்டியத் திருப்பித் தருவானா? மழையிலயும் வெயில்லயும் ஸ்டேசன் வாசல்ல கெடந்து துருப்பிடிச்சுப் போவும். இருவத்திரண்டு வருசம் ஆசைப்பட்டது இதுக்கா?"

"தெரியும்ல."

"தெரிஞ்சுமா? அப்ப ஒண்ணு கேக்கேன். போன மழைக்கு, பள்ளிவாசல் எஸ்டேட் வளைவுல ஒரு பைக்குக்காரன் விழுந்து கெடந்தான். ரெண்டு கையையும் தூக்கிக் கூப்பிட்டான். நானும் உங்க வண்டியிலதான் இருந்தேன். நிப்பாட்டினீகளா? டூரிஸ்டுக்கு நேரமாச்சுன்னு ஒதுக்கிட்டுத்தான வந்தீக? அன்னைக்கு இல்லாத நியாயம் இன்னைக்கு எங்கிருந்து வந்துச்சு?"

அறைந்தாற்போல் இருந்தது சுடலைமணிக்கு. அந்தப் பைக்குக்காரன் பிழைத்தானா இல்லையா என்பதை இன்றளவும் அவன் விசாரித்து அறிந்ததில்லை. விசாரிக்க அஞ்சினான் என்பதே உண்மை.

அப்போது கைபேசி ஒலித்தது. பொங்கியண்ணன்.

"தம்பி, சின்னாறு தாண்டியாச்சுங்களா?"

"தாண்டியாச்சுங்கய்யா."

"நல்லதுங்க. இனி உங்க ஊருதானுங்க."

"ஐயா, முத்தாத்தாளோட தூக்குவாளி மூடி வண்டிக்கு அடியில இருக்கு."

மறுமுனையில் தோப்புக்கு நீர் இறைக்கும் மோட்டாரின் இரைச்சல் மட்டும் கேட்டது. நெடுநேரத்திற்குப் பின் அவர் குரல் தாழ்ந்து வந்தது. "ஒரே பையனுங்க தம்பி." அவ்வளவே. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

சுடலைமணி எழுந்து சட்டையை அணிந்தான். மூடியைத் தன் துண்டில் சுற்றி இருக்கையில் வைத்தான்.

"நீ சொன்னது சரிதான் மாப்ள. அன்னைக்கு நிப்பாட்டல. இன்னைக்கும் போயிட்டேன்னா, பொறவு என்னைக்குமே நிப்பாட்ட மாட்டேன். நீ பஸ்ஸப் பிடிச்சு ஊருக்குப் போ."

"உங்கள ஒத்தையில விட்டுட்டுப் போனா எங்க அக்கா என்னைய வீட்டுக்குள்ள சேப்பாளா?" என்று முணுமுணுத்தவாறே ராஜசேகர் ஏறி உட்கார்ந்தான். அவன் முகம் கடுகடுவென்றிருந்தது.

வண்டியைத் திருப்புமுன் சுடலைமணி மனைவியை அழைத்தான். "எங்கன வந்துக்கிட்டு இருக்கீக?" என்றாள் செல்வலட்சுமி. "ஆரத்தி கரைச்சு வச்சிட்டேன். லயத்துப் பிள்ளைக பூரா வாசல்லயே நிக்குதுக. முதல்ல யாரு ஏறன்னு இப்பவே சண்டை."

"பிள்ளைகள வீட்டுக்குப் போவச் சொல்லு, லட்சுமி."

"ஏன், வண்டிக்கு என்னாச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல," என்றான் அவன். பிள்ளைகளின் கூச்சல் கைபேசியில் கேட்டுக்கொண்டேயிருந்தது.

திரும்பும் வழியில் எவரும் எழுந்து நின்று கையசைக்கவில்லை. அதே வண்டி, அதே சாலை. மஞ்சள் நிறத்தைக் கண்டு சிறுவர்கள் ஆரவாரித்தபோது சுடலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொழுது சாயும் நேரத்தில் முதலமடைப் பகுதிக் காவல் நிலையத்தை அடைந்தனர்.

உதவி ஆய்வாளர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தின் அடியையும், புதுவண்ணத்தின் கீழிருந்த பச்சையையும் பார்த்தார். பின்னர்ப் பொங்கியண்ணன் வீட்டுக்கு இரண்டு காவலரை அனுப்பினார்.

"வண்டி இனி கோடதி, அதான் கோர்ட்டு, சொன்னாத்தான் கிட்டும், கேட்டோ," என்றார் சுடலைமணியிடம், மலையாளம் கலந்த தமிழில். "எப்போன்னு எனக்கே தெரியாது. ஆனா ஒரு காரியம். வண்டி எதுன்னு தெரியாம அந்தக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கேஸ் போட வழியில்லாம இருந்துச்சு. இனி போடலாம்."

அடையாளம் காட்டுவதற்காக முத்தாத்தாளின் மகள் யோகப்பிரியா அழைத்து வரப்பட்டாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். மேசை மேலிருந்த மூடியைக் கண்டதும் அவள் அழவில்லை. நசுங்கிய விளிம்பை விரலால் தடவி நிமிர்த்த முயன்றாள்.

"எங்கம்மாளோட தூக்குப்போசிதானுங்க," என்றாள். "போசி ரோட்டுல கெடச்சுதுங்க. மூடிதான் கெடைக்கல."

சுடலைமணி அவள் முன் கைகூப்பி நின்றான். "தாயி, காலைல வண்டியப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம் தட்டிச்சு. கேக்காம விட்டுட்டேன். ஆசை கண்ண மறைச்சிருச்சு. அதுமட்டுமில்ல. எங்க மலையில ஒருத்தன் விழுந்து கெடந்தப்போ, நானும் நிக்காமப் போனவன்தான்."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அப்பார்வையில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"அன்னிக்கு எங்கம்மா கெடந்த எடத்தத் தாண்டி நாப்பது வண்டிக்கு மேல போயிருக்குமுங்க," என்றாள். "அதுல எங்களுக்குத் தெரிஞ்சவங்க வண்டியும் போச்சுங்க. கேட்டா, கேசுல மாட்டிக்குவோம்னு பயந்துட்டமுன்னு சொல்றாங்க. அடிபட்டவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறவங்க பேரக்கூடச் சொல்ல வேண்டியதில்லையாமுங்க. அவங்களை யாரும் புடிச்சு வெக்க முடியாது, சட்டமே இருக்குதுங்களாமா. எங்கம்மா போனதுக்கப்பறந்தானுங்க இதெல்லாம் எங்களுக்கே தெரிஞ்சுது."

சுடலைமணி தலைகுனிந்து நின்றான். அதுவரை சுவரோரம் கடுகடுத்து நின்றிருந்த ராஜசேகரும் மெல்ல அருகே வந்து தலைகுனிந்தான்.

யோகப்பிரியா மூடியை மேசை மேல் வைத்தாள், கையொப்பமிட்டாள், வாயில் வரை சென்று திரும்பினாள்.

"நீங்க திரும்பி வந்தீங்க. அதுக்கு நான் கும்பிட்டுக்கறனுங்க. ஆனா இனிமே ஊருல எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லுங்க. எங்கம்மாளை இடிச்சது ஒரு வண்டிதானுங்க. சாகடிச்சது, பார்த்துட்டு நிக்காமப் போன அத்தனை வண்டியுமுங்க."