உதடு சேரும் வாரம்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. 2009-இல், போர்ட் பிளேரின் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் டீ குடிக்கப் போன இடத்தில் டாக்டர் பவானி சொன்னது. அவர் பிறவிக் குறைகளை ஆராய்பவர். சுனாமிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளின் கை, கால், உதடு பார்க்க நிக்கோபாரின் கட்சால் தீவுக்குப் போய்வந்திருந்தார். மூன்று தலைமுறையாகப் போர்ட் பிளேர்க்காரர் என்பதால் அவர் தமிழில் இந்தி தாராளமாக வரும். "எழுதிக்கவா?" என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா ரோனா-தோனா வேண்டாம்" என்றார். அழுகை கூடாதாம். முயல்கிறேன்.

2

முதல் தொடக்கம்: அலை வந்த அன்று தனபாக்கியத்தின் வயிற்றில்

இந்த வரியை அடித்துவிட்டேன். பையன் பிறந்தது 2006-இல். அவன் உதட்டுக்கும் அலைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு ஏமாற்றம்தான். அவ்வளவு பெரிய காரணம் சும்மா கிடைக்கும்போது யார்தான் விடுவார்கள்?

இரண்டாவது தொடக்கம்: கட்சால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தனபாக்கியத்துக்கு மேலுதடு பிளந்த ஒரு மகன் பிறந்தான்.

சப்பென்று இருக்கிறது. இருக்கட்டும்.

3

தனபாக்கியத்தின் மாமியார் கருப்பாயி இலங்கை ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வரும்போது ஒரு விதியையும் கொண்டுவந்தார்: வயிற்றுப் பிள்ளைக்காரி புது மரத்துக்கு முதல் வெட்டுப் போடக் கூடாது. (எல்லாத் தோட்டத்திலும் இந்த விதி உண்டா என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் உண்டு, கதைக்கு அது போதும்.) இந்த மகன் வயிற்றில் இருந்தபோது ஒரு நாள் ஆள் குறைவாக இருந்ததால் தனபாக்கியம் வெட்டினாள். பிறந்த பிள்ளைக்குப் பால் கொடுத்தபோது, வெட்டிய பட்டையில் வழிவது போல உதட்டுப் பிளவில் பால் வழிந்தது. அதைப் பார்த்த பிறகு மாமியார் எதுவும் சொல்லவே தேவைப்படவில்லை.

பையன் தமிழ்வாணனுக்கு உதடு தைத்தாகிவிட்டது. இப்போது மூன்று வயது, ஓயாமல் பேசுகிறான். தனபாக்கியம் மறுபடி உண்டாகியிருக்கிறாள். கத்தியைக் கண்ணாலும் பார்ப்பதில்லை. வெங்காயம் முதல் மீன் வரை புருஷன் அழகையாதான் நறுக்குகிறான்.

(அழகையாவை முதலில் கொடுமைக்காரனாக எழுதினேன். மீன் நறுக்கியதும் அந்த வேடம் அவனுக்குப் பொருந்தவில்லை.)

4

தகரக் குடியிருப்பின் வாசலில் நடந்த பேச்சு. டாக்டர் சொன்னபடியே தருகிறேன்.

"முதல் வெட்டுப் போட்டப்ப எத்தனை மாசம்?"

"வயிறு நல்லாத் தெரிஞ்சிச்சு டாக்டரம்மா. அஞ்சு இருக்கும்."

"அப்போ கத்தி காரணமே இல்ல. மேலுதடு ஏழாவது வாரத்துக்குள்ள ஜோடிச்சிடும், மத்லப், ஒட்டிக்கும். ஒட்டலைன்னா அதுவும் அப்பவே முடிஞ்சுபோன விஷயம். உன் மேல தப்பே இல்ல, சமஜ் கயீ, புரிஞ்சுதா?"

தனபாக்கியம் அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்று டாக்டர் எதிர்பார்த்திருக்கிறார். (நானும்தான். அதற்கென்று ஒரு பத்தி தயாராக வைத்திருந்தேன்.)

"பொறவு எதுனால?"

"பலதுக்கு எங்களுக்கே காரணம் தெரியாது."

"கத்தின்னா தொடாம இருந்துக்கலாம். ஒண்ணுமே இல்லன்னா, இந்தப் புள்ளைக்கு நான் எதத் தொடாம இருக்கிறது?"

டாக்டர் சத்து மாத்திரை, நல்ல சாப்பாடு என்று ஏதோ சொன்னார். தனபாக்கியம் தலையாட்டிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள்:

"இது நாலாம் மாசம்."

சொன்னவள் கட்டைவிரலை மற்ற விரல்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். மாதத்துக்கு நாலு வாரம்.

"அவ எண்ண ஆரம்பிச்சா" என்றார் டாக்டர். "எனக்குப் பயமாயிடுச்சு. ஜெட்டிக்குப் போகணும், கப்பலுக்கு நேரமாச்சுன்னு எழுந்து வந்துட்டேன்."

5

முடிவுகள்.

அ) பிள்ளை நல்ல உதட்டோடு பிறக்கிறது. கத்தியைத் தொடாததால்தான் என்று கருப்பாயி ஊரெல்லாம் சொல்கிறார். டாக்டர் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

ஆ) பிளந்த உதடு. கத்தி குற்றமற்றது என்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு தனபாக்கியம் எதைப் பிடித்துக்கொண்டு

இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இ) டாக்டரின் விருப்பம்: மறுநாளே அவள் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அழகாகத்தான் இருக்கிறது. நான் நம்பவில்லை.

இந்த மூன்றில் எதை நான் எழுதினாலும் ஒன்றும் மாறாது. வயிற்றுப் பிள்ளையின் உதடு சேர்ந்ததோ சேரவில்லையோ, அது ஏழாம் வாரத்திலேயே, டாக்டர் கப்பலேறி அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே முடிந்துபோயிற்று. தனபாக்கியத்துக்கு மட்டும் அது இன்னும் தெரியாது. விரல் ஏழில் வந்து நிற்கும்போது தெரிந்துவிடும்.

எண்ணிக்கொண்டிருப்பவரிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் கணக்குத் தப்பிவிடும், இல்லையா? அதற்காகத்தான் இத்தனை நேரம் தொடக்கம், அடைப்புக்குறி, அ, ஆ, இ என்று பேசிக்கொண்டிருந்தேன். என்னிடம் இனிமேல் பேச ஒன்றுமில்லை.

அவள் விரல் இப்போது ஐந்தில் இருக்கிறது. நீங்கள் அவளிடம் ஏதாவது கேளுங்கள்.