வரிசைக்கு ஒரு காவல்

பிரார்த்தனையின் நான்காவது நிமிடத்தில் பெரிய டீச்சர் ஒரு கண்ணைத் திறந்தார். தலைமையாசிரியை கண்ணைத் திறந்துகொண்டு பிரார்த்திப்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் விதிகளில் இல்லை. ஆனால் முப்பத்தொரு வருஷம் வகுப்பெடுத்ததில், இரண்டு கண்ணையும் ஒரே நேரத்தில் மூடுகிற பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. மூன்றாவது வரிசையில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் கீழுதட்டிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அது ஆடி ஆடி இறங்கி, முன்னால் உட்கார்ந்திருந்தவளின் பின்னலில் போய் ஒட்டியது. பின்னலுக்குச் சொந்தக்காரி அசையவில்லை. எச்சிலுக்குச் சொந்தக்காரியும் அசையவில்லை. வேறு எந்த நேரமாக இருந்தாலும் இந்நேரம் இரண்டு கிள்ளல், ஒரு அழுகை, ஒரு பஞ்சாயத்து எல்லாம் முடிந்திருக்கும்.

இதென்ன அதிசயம் என்று பெரிய டீச்சருக்குப் பல வாரமாகவே குடைச்சல். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பிரார்த்தனைக் கூடம் ஒரு காலத்தில் டயர் கிடங்கு. மழை பெய்தால் இன்னமும் ரப்பர் வாசனை வரும். இடப்பக்கம் பஸ் டெப்போ, வலப்பக்கம் தகரப் பட்டறை. பட்டறைக்காரர் சரியாகப் பிரார்த்தனை நேரத்தில்தான் பெரிய தகடாகப் பார்த்து அடிக்க ஆரம்பிப்பார். அந்த இடியிலும் பிள்ளைகள் கல்லில் வடித்தது மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது கணக்கு வாத்தியார் சொன்னார்: "சத்தம் போடாதேன்னு கத்திக் கத்தி என் தொண்டைதான் போச்சு. கடவுளைக் கூப்பிட்டா வந்துடுதாமே அமைதி, அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர். வாய்ப்பாட்டுக்கு ஆகும்."

போதாக்குறைக்கு, இரண்டு மாதம் முன்பு ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு மனு வந்திருந்தது. எதற்கெடுத்தாலும் நியாயம் கேட்டு நிற்பதால் 'வக்கீலம்மா' என்று பெயர் வாங்கியிருந்த பத்து வயதுப் பெண் எழுதியது. 'ஐயா, பிரார்த்தனைக்கு ஐந்து நிமிஷம் போதவில்லை. பத்து நிமிஷமாக ஆக்கித் தரவும். ஜன்னலுக்குத் திரை போட்டால் இன்னும் நன்றாகப் பிரார்த்திப்போம். தரையில் விரிப்பு இருந்தால் ரொம்ப நல்லது.' கீழே எழுபத்து மூன்று கையெழுத்து.

பள்ளியின் தாளாளர் அதை மைக்கில் மூன்று தடவை படித்தார். இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் அழுதார். மைக் இல்லாமல் அவருக்குப் பேச வராது. ஆசிரியர் அறையில் நான்கே பேர் இருந்தாலும் மைக்கைத் தட்டி 'ஹலோ' சொல்லிவிட்டுத்தான் தேநீர் கேட்பார். பத்து நிமிஷம் உடனே அனுமதிக்கப்பட்டது. திரையும் விரிப்பும் வந்தன. 'தகரச் சத்தத்தினூடே ஒரு தவம்' என்று அவர் எழுதிய கட்டுரை, பள்ளிக்கூடங்களை நடத்தும் தலைமைச் சங்கத்தின் மாதப் பத்திரிகையில் நான்கு பக்கம் வந்தது. படமும் போட்டிருந்தார்கள். பின்னால் கண்மூடிய நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், முன்னால் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்தபடி தாளாளர்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பள்ளிக்கூடத்தின் உயிர் அந்தக் கட்டுரையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பள்ளியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிட்டு, கட்டடத்தை வெளியூர் பக்தர்களுக்கு விடுதியாக ஆக்கிவிடலாம் என்று சங்கம் போன வருஷமே முடிவெடுத்திருந்தது. அந்தப் பக்கம் என்றால் இரண்டு பஸ் மாறணும். பாதிப் பிள்ளைகள் போகாது. போகாததுகள் எந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும், எந்தக் கடையில் மூட்டை கட்டும் என்பதுவரை பெரிய டீச்சரால் பெயர் சொல்லிச் சொல்ல முடியும். கட்டுரையைப் படித்த சங்கம் கொஞ்சம் யோசித்தது. மௌனத்தைப் பற்றி ஏழு புத்தகம் எழுதிய பெரியவர் ஒருவரை வெள்ளிக்கிழமை அனுப்புவதாகவும், அவர் எழுதிக் கொடுப்பதை வைத்துத் தீர்மானிப்பதாகவும் கடிதம் போட்டது.

செவ்வாய்க்கிழமை பெரிய டீச்சர் மேடைப் பக்கம் நிற்காமல் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாதது முதுகுப் பக்கத்திலிருந்து தெரிந்தது. பிள்ளைகள் உயரம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி தோள் இன்னொருத்தி தலைக்கு வாகாக. ஒழுக்கம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தது முட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு வரிசையின் கோடியிலும் ஒரு பிள்ளை மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தது. எங்கேயாவது லேசாகக் குறட்டை கிளம்பினால், அது எட்டி இரண்டு விரலால் காதுக்குப் பின்னால் ஒரு அழுத்து அழுத்தும், குறட்டை நிற்கும். ஒன்பதாவது நிமிடத்தில் விழித்திருந்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையைத் தொட்டது. அது அடுத்ததைத் தொட்டது. வயலில் காற்று ஓடுகிற மாதிரி தொடுகை வரிசை வரிசையாக ஓடியது. மணி அடித்தபோது நூற்றுப் பன்னிரண்டு ஜோடிக் கைகளும் குவிந்திருந்தன. தாளாளர் வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வக்கீலம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார் பெரிய டீச்சர்.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"என்னது டீச்சர்?"

"என்கிட்டயேவா? நான் பின்னாடிதான் உக்காந்திருந்தேன்."

அவள் வழக்கு தோற்றுவிட்டதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். "போன வருஷத்துலேர்ந்து."

"ஏன், ராத்திரி வீட்ல தூங்கறதில்லையா?"

"தூங்குவேனே. என் முறை பதினொண்ணுலேர்ந்து மூணு." ஆலையில் வேலை பார்க்கிறவர் சொல்கிற மாதிரி சொன்னாள். "மூணுக்கு அப்பாவும் சித்தப்பாவும் வேலை முடிஞ்சு வருவாங்க. அவங்களுக்குப் பாய் வேணும்ல? நானும் தங்கச்சியும் எந்திரிச்சு மாடிப்படில உக்காந்துப்போம். பதினொண்ணு வரைக்கும் பெரியம்மா வீட்டாளுங்க படுப்பாங்க. ஒரே ரூம்தானே டீச்சர்."

"எல்லார் வீட்லயும் இப்படியா?"

"சில வீட்ல முறையே கெடையாது. யாரு மொதல்ல படுக்கறாங்களோ அவங்களுக்கு. அது ரொம்ப மோசம்."

கோடியில் விழித்திருக்கும் காவலை யார் தீர்மானிப்பது என்று கேட்டதற்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட பட்டியல். பெரிய டீச்சர் தான் போட்ட எந்த அட்டவணையையும் இவ்வளவு நியாயமாகப் போட்டதில்லை. இரண்டாம் வகுப்புக்குக் காவலே கிடையாது. 'சின்னப் புள்ளைங்க, பாவம்.' காய்ச்சல்காரர்களுக்கு விலக்கு. ஒரு பெயர் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வந்தது.

"உன் பேரு மட்டும் ஏன் ரெண்டு தடவை?"

"லீடர்னா அப்படித்தானே டீச்சர்."

பெரிய டீச்சர் பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. "அப்ப பிரார்த்தனையே பண்றதில்லையா?"

"ஐயோ, பண்ணாமயா?" அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "கண்ணை மூடினதும் 'கடவுளே, பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுத்தான் தூங்குவோம். அதுக்கு மேல அவர்தானே பாத்துக்கணும்?" கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். "நிப்பாட்டிடுவீங்களா டீச்சர்?"

"கிளாஸுக்குப் போ" என்றார் பெரிய டீச்சர்.

மறுநாள் தாளாளரிடம் விஷயத்தைச் சொல்லப் போனார். அவர் மேடையில் புது மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பிள்ளைங்க பிரார்த்தனைல தூங்குதுங்க."

"யார் சொன்னது?"

"நானே பாத்தேன்."

"பிரார்த்தனை நேரத்துல நீங்க கண்ணைத் திறந்தீங்களா?"

இந்தக் கேள்வி தகரப் பட்டறையைத் தாண்டி டெப்போவரை கேட்டது. அங்கே யாரோ ஒரு டிரைவர் திரும்பிப் பார்த்தார். தாளாளர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, தன் சொந்தக் குரலில், அதாவது ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்: "டீச்சரம்மா, எனக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தை விட்டா வேற போக்கிடம் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க எதையும் பாக்கல. சரியா?"

அந்தச் சின்னக் குரலைப் பெரிய டீச்சர் இதற்கு முன் கேட்டதில்லை. அதனாலேயே சண்டை போடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. மூன்று ராத்திரி கண்விழித்துத் தோரணமும் வரவேற்புரையும் தயாரித்திருந்த தாளாளர், மாலையோடு வாசலில் நின்று ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் பஸ்ஸில் வந்து இறங்கி, துணிப்பையோடு அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். குழாய் பழுது பார்க்க வந்தவர் என்று நினைத்த கணக்கு வாத்தியார் அவரைக் கழிப்பறைவரை கூட்டிக்கொண்டு போய், ஒழுகுகிற இடத்தையும் காட்டிவிட்டார். பெரியவர் குனிந்து பார்த்து, "வாஷர் மாத்தணும்" என்றாராம்.

பிரார்த்தனைக்கு முன்னால் ஒரு பிள்ளையோடு பேசவேண்டும் என்று கேட்டார். தாளாளர் வக்கீலம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். பொய் சொல் என்று சொல்லவும் வாய் வராமல், உண்மையைச் சொல் என்று சொல்லவும் தைரியம் இல்லாமல், பெரிய டீச்சர் அவளிடம் காலையில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"கண்ணை மூடினா என்னம்மா தெரியுது?" பெரியவர் நோட்டைப் பிரித்துப் பென்சிலை வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியாது ஐயா."

தாளாளருக்கு இருமல் வந்தது.

"ஒண்ணுமேவா?"

"மொதல்ல தகரம் அடிக்கற சத்தம் கேக்கும். அப்புறம் அது தூரமாப் போயிடும். அப்புறம் நான் இருக்கறதே எனக்குத் தெரியாது."

பென்சில் நின்றது. "அப்புறம்?"

"யாராச்சும் தொடுவாங்க. வந்துடுவேன்."

"யார் தொடறது?"

அவள் பெரிய டீச்சரை ஒரு தடவை பார்த்தாள். கேட்டதுக்கு மட்டும். "அன்னிக்கு யார் முறையோ அவங்க ஐயா."

"கேட்டீங்களா!" தாளாளர் புல்லரித்துப்போய்ப் பெரிய டீச்சரின் காதில் சொன்னார். "முறை வெச்சுத் தொடறாங்களாம், மேலேர்ந்து!" சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. புதன்கிழமை சொன்னது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை போலிருந்தது. அவரே எழுதியதை அவரே நம்பிவிட்டிருந்தார்.

பெரியவர் அதற்கு மேல் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "நாப்பது வருஷமா நானும் உக்காந்து பாக்கறேன்" என்றார் அவளிடம், சக தொழிலாளியிடம் சொல்வதுபோல. "நான் இருக்கறது ஒரு நாளும் மறந்ததில்ல. முதுகு வலி ஞாபகப்படுத்திடுது."

"சாஞ்சுக்கணும் ஐயா" என்றாள் அவள்.

மேடை நாற்காலியைப் பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாவது வரிசையின் கோடியில் தரையில் போய் உட்கார்ந்தார். அன்று அந்த இடத்தில் காவல் வக்கீலம்மாவுடையது. நடுவில் இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றை விட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் தாளாளர் மேடையில் தனியாக, மைக்குக்கு எதிரே உட்கார்ந்தார். மற்ற நாட்களில் பிரார்த்தனை நேரத்தில் அவருக்கு விரிப்பைச் சரிசெய்வது, படம் எடுப்பது என்று ஏதாவது வேலை இருக்கும். பத்து நிமிஷம் சும்மா உட்காருவது அவருக்கு இதுதான் முதல்தடவை. பெரிய டீச்சர் தூணோரம் கைமணியோடு நின்றார்.

பட்டறையில் முதல் அடி விழுந்தது. திரை ஒருமுறை உப்பி அடங்கியது. நான்காவது நிமிடத்தில் பெரிய டீச்சர் ஒரு கண்ணைத் திறந்தபோது, இரண்டாம் வகுப்புக் குழந்தையின் தலை, பழைய வீட்டுச் சுவர் சாய்வது மாதிரி மெல்ல மெல்லச் சாய்ந்து, பெரியவரின் கைமேல் இறங்கியது. பெரியவர் கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். சட்டையில் எச்சில் ஈரம் பரவுவதைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை வரிசையை ஒரு தலை விடாமல் எண்ணிக்கொண்டு போவதுபோல் போய், கோடிகளில் விழித்திருந்த பிள்ளைகளில் நின்று, திரும்பி, தூணுக்கு வந்தது. பெரிய டீச்சர் மறுபடி மூடிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. டெப்போவில் ஏதோ பஸ் கிளம்ப முடியாமல் இழுக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். இரண்டாவது தடவை முடிவில் ஒரு விசில் சேர்ந்திருந்தது. சத்தம் நான்கு மூலை ஒலிபெருக்கியிலிருந்தும் வந்தது. தாளாளரின் மோவாய் மார்பில் இறங்கியிருந்தது. வாய்க்கும் மைக்குக்கும் இடையில் ஒரு விரற்கடை. அந்த மைக்கில் அவர் அதுவரை விட்டதிலேயே பாசாங்கு இல்லாதது அந்தக் குறட்டைதான்.

தூக்கத்திலேயே இரண்டு பிள்ளைகள் முகத்தைச் சுளித்தன. வக்கீலம்மா எழுந்தாள். குறட்டை என்றால் காவலின் வேலை. பட்டியலில் தாளாளருக்கு விலக்கு எதுவும் எழுதியிருக்கவில்லை. பூனைபோல மேடையேறி, இரண்டு விரலை அவர் காதுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அங்கே கொஞ்ச நேரம் யோசித்தாள். மூன்று மணிக்கு வீடு திரும்பும் அப்பாவைப் பார்ப்பதுபோல அந்த முகத்தைப் பார்த்தாள். விரலை எடுத்துக்கொண்டு, மைக்கின் பொத்தானைத் தட்டி அணைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. தொடுகையைத் தொடங்கவா என்று அவள் பெரிய டீச்சரைப் பார்த்தாள். பெரிய டீச்சர் மணியைத் தூக்கியிருந்தார். தூக்கிய மணியின் நாக்கு அவருடைய இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது.

பெரியவரின் மடியில் நோட்டு விரிந்து கிடந்தது. பென்சிலும் அதன்மேல்தான் இருந்தது. குழந்தை சாய்ந்திருந்தது அவர் எழுதுகிற கை. அதை எடுத்தால்தான் எழுத முடியும். கடிகாரத்தைப் பார்த்தார், பதினொன்றாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. கையை அவர் எடுக்கவில்லை.