பூசணிப்பூ மாலை

பிணவறை மேசையில் கிடந்த அம்மாவின் வெல்வெட் சட்டைக்குக் கடைசிப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள் லவெர்ன். பின்னாலிருந்து தம்பி டார்வின், "மாலையையும் போட்டுடுக்கா. அம்மாவோடயே போகட்டும்" என்றான்.

அவள் கை நின்றது. வெள்ளியில் பூசணிப்பூக்களைக் கோத்து, நடுவில் பிறை தொங்கவிட்டு, நீலப்பச்சை டர்க்காய்ஸ் கற்கள் பதித்து அப்பா தன் கல்யாணத்தில் அம்மாவுக்காகச் செய்த மாலை அது. வாரம் மூன்று நாள், எட்டு வருஷம், மண்பாதையில் வண்டி ஓட்டி அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோனவள் லவெர்ன். கிளம்பும்போதெல்லாம் கட்டில் காலில் தொங்கும் துணிப்பையைத் தட்டிக்காட்டி, "இது உனக்குத்தான்டி" என்பாள் அம்மா. பையை அவிழ்க்க மட்டும் விட்டதில்லை.

"எனக்குன்னு சொல்லியிருந்தாங்க" என்றாள் லவெர்ன்.

சுவரோரம் நாற்காலியில் இருந்த சின்னம்மா ரோவீனா வெடுக்கென்று திரும்பினாள். "பொணம் ஆறல, அதுக்குள்ள உனக்கு நகை கேக்குதா? உன் தம்பிக்காவது முறை தெரியுது."

"ஆறு வருஷமா எட்டிப் பாக்காதவனுக்கு முறை தெரியுதாக்கும்."

சொல்லிவிட்டாலும், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த அந்தப் பையை அவிழ்த்தாள். மாலை கைக்கு வந்தது. கனமே இல்லை. பிறையைத் திருப்பிப் பார்த்தாள். அப்பா தன் நகைகளில் அடிக்கும் அம்பு முத்திரை அங்கே இல்லை. அந்தக் குளிர்ந்த அறையிலும் கற்கள் சில்லென்று இல்லாமல் பிளாஸ்டிக் பித்தான் மாதிரி இருந்தன.

டார்வின் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீதானா?" என்றாள் மெதுவாக.

"அம்மாவே குடுத்தாங்கக்கா. ஏழு வருஷம் முன்ன நான் ஜெயில்ல இருந்தப்போ, வக்கீலுக்கு. சந்தையில இத வாங்கிப் பையில வச்சாங்க." அவன் குரல் இன்னும் இறங்கியது. "உங்கிட்ட சொல்லாதன்னாங்க. தெரிஞ்சா அவ விட்டுட்டுப் போயிடுவா, அப்புறம் ஆஸ்பத்திரிக்கு என்னைய யாரு கூட்டிட்டுப் போவான்னாங்க."

"என்ன அங்க முணுமுணுப்பு?" என்றாள் காது மந்தமான சின்னம்மா.

"ஒண்ணுமில்ல சின்னம்மா" என்றாள் லவெர்ன்.

அம்மாவின் தலையை ஒரு கையால் தூக்கி, மறுகையால் கொக்கியை மாட்டினாள் லவெர்ன். பழகிய கைகள். சின்னம்மா எழுந்து வந்து எட்டி நின்று பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "உங்கப்பன் கை வேலைக்கு இன்னிக்கும் ஈடில்ல."

லவெர்ன் பிறையை நேராக்கிவிட்டுக் கையை எடுத்தாள்.

வெளியே பிணவண்டி கிளம்பியது. சின்னம்மா தன் மகன் காரில் அதன் பின்னால் போய்விட்டாள். லவெர்ன் தன் டிரக்கின் சாவியை டார்வினிடம் நீட்டினாள். அவன் முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தான். அவள் பின்புறத் திறந்த தொட்டியில் ஏறி, குழி மூட எடுத்துவந்த மண்வெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

தார்ச்சாலை முடிந்து பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வண்டி நின்றது. முன்னே போன வண்டிகளின் புழுதிகூட அடங்கியிருந்தது.

"கல்லறைக்கு எந்தப் பக்கம்க்கா?" டார்வின் தலையை வெளியே நீட்டிக் கேட்டான்.

காற்று அவள் பாவாடையைப் படபடவென்று அடித்தது. அவள் அதை முழங்காலுக்கடியில் இழுத்துச் செருகிக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.