கடைசிப் பால்பல்

சாப்பாட்டில் கல் என்று நினைத்துத்தான் முயல் அதைத் தட்டின் ஓரத்தில் துப்பினாள். துப்பிவிட்டு நாக்கால் துழாவிப் பார்த்தால், மேல்வரிசையில் வலது பக்கம் ஒரு பொந்து. மூன்று வாரமாக ஆடிக்கொண்டு, தொட்டால் வலிக்கும், தொடாவிட்டால் தூக்கம் வராது என்று வீட்டையே ஆட்டிவைத்த கடைவாய்ப் பல், கடைசியில் ஓசைப்படாமல் வந்து விழுந்துவிட்டது. பதின்மூன்று வயதில் விழுந்த அவளுடைய கடைசிப் பால்பல். முன்பற்கள் இரண்டும் பெரிதாக முளைத்த வருடம் அப்பா வைத்த பெயர் முயல். கோபம் வந்தால் மூக்குத் துடிக்கும் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

பல்லைக் கழுவி, உள்ளங்கையில் வைத்து அம்மாவிடம் நீட்டினாள். "இந்தா, உனக்கு ஒரு கேஸு."

அம்மா கையை நீட்டவில்லை. ஊரார் பெற்ற பிள்ளைகளின் பல்லையெல்லாம் ஆசையாய் வாங்கி வாங்கி வெட்டுகிறவள், சொந்தப் பெண்ணின் பல்லைப் பார்த்ததும் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனாள்.

அவளுக்கு வேலையே பல்தான். தாய், சேய், வளரிளம் பருவத்தினர் நலம் பற்றிய ஆராய்ச்சி மையம் என்று வாசலில் மூன்று வரிப் பலகை உண்டு. அதன் முதல் மாடியில், கடைசி அறையில், நான்கு வருடமாகப் பால்பல் வெட்டுகிறாள். மையத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பிள்ளைகளுக்கு விழும் பற்களை அம்மாக்கள் உறையில் போட்டு அனுப்புவார்கள். உறை மேல் பெயர் இருக்காது, எண் மட்டும். அதைப் பிசினில் புதைத்து இறுகவிட்டு, வைரத்தூள் பதித்த சக்கர ரம்பத்தில் நடுவாக அறுத்து, முடியை விட மெல்லிசாகத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டி மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைக்க வேண்டும். ஒரு பல்லுக்கு அரை நாள் போய்விடும். கை ஒரு தடவை நடுங்கினால் போயிற்று, இன்னொரு பல்லுக்கு எங்கே போவது?

வேலையில் சேர்ந்த முதல் நாள் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா பெரிய படிப்பாளி; தலைமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை மேஜையெல்லாம் தேடுவார்.

"நடுவுல ஒரு கோடு ஓடுது பாருங்க. அதுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது வயித்துக்குள்ள வளர்ந்தது. அந்தப் பக்கம் வெளிய வந்து வளர்ந்தது. கோடு, பொறந்த அன்னிக்கு விழுந்தது."

பல்லக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஈறுக்குள் ஒளிந்துகொண்டு, வெளியே தலைகாட்டக்கூட இல்லாத பல், பிள்ளை பிறந்த நாளைக் குறித்து வைத்திருக்கிறது! அதோடு விட்டதா? கோட்டுக்கு அப்புறம் நாளுக்கு ஒரு வரி. தாய் தூங்கிப்போன நாள், தகப்பன் வெளியூர் போன நாள், யாருமே எண்ணாத நாள், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி. கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்திருந்தால் அங்கே வரி கொஞ்சம் கறுத்திருக்கும். அன்று அவள் கொண்டுபோன சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. தொள்ளாயிரம் பல் வெட்டிய பிறகும் அந்த வியப்பு துளிகூடத் தேயவில்லை. மைக்ரோஸ்கோப்பின் திருகைத் திருப்பத் திருப்ப மங்கல் விலகி அந்தக் கோடு எழும்பும்போது, யார் பெற்ற பிள்ளையோ எவர் பெற்ற பிள்ளையோ, "வந்துட்டியா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவாள். பக்கத்து அறைக்காரர்கள் கேலி செய்து அலுத்துவிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் தன் பெண்ணின் பல்லை மட்டும் கேட்டதே இல்லை. காரணம் அவளுக்கும் அவள் கணவருக்கும்தான் தெரியும்.

முயல் பிறந்து, துடைத்து, துணியில் சுற்றி நர்ஸ் நீட்டியபோது, அவள் சொன்ன முதல் வார்த்தை, "எடுத்துட்டுப் போங்க." ஏன் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. பிள்ளையைத் தொட்டால் கீழே போட்டுவிடுவோம், ஏதாவது செய்துவிடுவோம் என்று ஒரு பயம். அழக்கூட வரவில்லை. பிள்ளை வீட்டுக்குப் போயிற்று. அவளை அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடிக்கு, மனநலப் பிரிவுக்கு மாற்றினார்கள். மருந்து, தூக்கம், சுவர். நாற்பத்து மூன்றாம் நாள்தான் வீட்டுக்கு வந்தாள். அது ஒரு நோய், பிள்ளை பெற்றவர்களில் பலருக்கு வருவது, சரியாகிவிடுவது என்று இப்போது தெரியும். அவள் அறைக்கு இரண்டு அறை தள்ளி அதைப் பற்றித்தான் ஆராய்ச்சியே நடக்கிறது. தெரிந்து என்ன? அந்த நாட்களில் பிள்ளை எப்படித் தவித்ததோ என்ற எண்ணம் பதின்மூன்று வருடமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. போட்டோ ஆல்பம் இரண்டாம் மாதத்தில் தொடங்குவது ஏன் என்று முயல் ஒருமுறை கேட்டாள். கேமரா ரிப்பேர் என்றார் அப்பா.

முயல் விடுகிற ஜாதி இல்லை. "எல்லாருக்கும் பொறந்த கோடு காட்டுற. எனக்குக் காட்ட மாட்டியா?" என்று ஒரு வாரம் குடைந்தாள். அம்மா சாக்குச் சொல்லச் சொல்ல, மூக்குத் துடித்ததுதான் மிச்சம். கடைசியில் மையத்துக்கே போன் போட்டு டாக்டரம்மாவிடம் பேசிவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்; பல்லக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். "பன்னெண்டு வயசுக்கு மேலன்னா அவளே கையெழுத்துப் போடணும். ஆனா ஒண்ணும்மா, உங்க பொண்ணு பல்லை நீங்க வெட்டலாம், வரியை எண்ணக் கூடாது. கதை தெரிஞ்சவங்க எண்ணினா, தேடுறது கிடைச்சிடும். திங்கக்கிழமை படம் எடுத்து வெளியூருக்கு அனுப்பிடுவோம், அங்க யாரோ எண்ணட்டும்."

கதை தெரிஞ்சவங்க என்று அவர் பொதுவாகத்தான் சொன்னார். பல்லக்காவுக்குச் சுருக்கென்றது.

படிவம் வீட்டுக்கு வந்தது. முயல் தன் பக்கத்தில், இருக்கிற அழகையெல்லாம் கூட்டி, பெரிய கையெழுத்தாகப் போட்டாள். தாய் நிரப்ப வேண்டிய பக்கத்தில் பதினேழாவது கேள்வி: பிறந்த முதல் ஆண்டில் ஏழு நாட்களுக்கு மேல் தொடர்ந்து குழந்தையைப் பிரிந்திருந்தீர்களா? ஆம் எனில், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை? இந்தக் கேள்வியை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். அச்சுக்குப் போகுமுன் அதில் எழுத்துப்பிழை திருத்தியவளே அவள்தான். இப்போது பேனாவை எடுத்து, "இல்லை" என்று எழுதிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் அதை எடுத்துப் படித்தார்.

"இல்லைன்னா போட்டிருக்க?"

"பின்ன என்னங்க போடச் சொல்றீங்க? அவ படிப்பாளே."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. நாப்பத்தி மூணு நாள் பால்பாட்டில் கழுவினவன். சும்மா ஞாபகம் வந்துச்சு."

அவர் குளிக்கப் போய்விட்டார். அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபப்பட ஒன்றும் இல்லை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பல்லை வெட்டினாள். தொள்ளாயிரம் பல்லில் ஒருமுறைகூட நடுவில் நிறுத்தாதவள், ரம்பத்தை நிறுத்திவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தாள். ரம்பத்தின் மேல் சொட்டும் தண்ணீரில் பல் இரண்டாகப் பிரிந்தபோது, மூச்சு விட்டோமா என்றே அவளுக்கு நினைவில்லை. இந்தக் கடைவாய்ப் பல் இருக்கிறதே, வயிற்றுக்குள் தொடங்கி, பிள்ளை தவழ்ந்து சுவரைப் பிடித்து நிற்கும் மாதம் வரை வளர்வது. முதல் வருடம் ஏறக்குறைய முழுசாக அதற்குள் இருக்கிறது. அந்த நாற்பத்து மூன்று நாளும் இருக்கிறது. அதைத் தேய்த்து, ஒட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மையத்தில் ஆள் குறைவு. முயல் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா ஸ்லைடை வைத்தாள். பிறந்த கோடு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துவது, அதற்கு மேல் ஓர் இழை நகர்த்துவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் குனிந்தாள். திருகு திரும்பியது. மங்கல் விலகியது. தேன் நிறத்தில், மெல்லிசாக, ஒரு வளைவு எழும்பி வந்தது. உயிரே போகிற வலியில் அவள் கத்திய அந்தக் காலைப்பொழுது, இதோ, கண்ணாடிக்கு அடியில், ஒரு கோடாக.

"வந்துட்டியா," என்றாள். தொள்ளாயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியவளுக்கு இப்போதுதான் சொல்கிறாள்.

முயல் அவளை இடித்துத் தள்ளிவிட்டுக் குனிந்தாள்.

"இது நானாம்மா?"

"நீதான்."

"இந்தப் பக்கம் எல்லாம் உன் வயித்துக்குள்ளயா? எவ்ளோ வழவழன்னு இருக்கு!" கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்: "அடுத்த பக்கம் குட்டிக் குட்டியா வரி. ஒண்ணு ஒரு நாளா? எண்ணேன்."

"நான் எண்ணக் கூடாது. கதை தெரிஞ்சவங்க எண்ணக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"அப்போ நான் எண்ணுறேன். எனக்குத்தான் கதையே தெரியாதே."

பல்லக்கா எண்ணெய் தீர்ந்த விளக்காக நின்றாள். திங்கட்கிழமைக்கு அப்புறம் யாரோ முகம் தெரியாத ஒருவர் எண்ணுவார். அங்கே கறுத்த வரி இருந்தால், படிவத்தைப் பார்ப்பார். படிவம் "இல்லை" என்று சொல்லும். உலகத்துப் பிள்ளைகளின் பல்லெல்லாம் உண்மை சொல்கிறது, அவள் ஒருத்தி பொய் எழுதி வைத்திருக்கிறாள். அதைவிட, எண்ணப்போகிற நாட்கள் யாருடையவை? இவளுடையவை.

அலமாரியைத் திறந்து படிவக் கோப்பை எடுத்தாள். பதினேழாவது கேள்வியில் "இல்லை"யை அடித்தாள். பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டு, பெண்ணின் முன்னால் வைத்தாள். பிறந்த நாள் முதல் நாற்பத்து மூன்றாம் நாள் வரை.

முயல் படித்தாள். திரும்பப் படித்தாள். மூக்குத் துடித்தது.

"எங்க போன?"

"எங்கயும் போகல. அங்கதான், ஆஸ்பத்திரி மேல்மாடியில. எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு. உன்னைத் தூக்கவே பயந்தேன். எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன்டி."

"என்னையா?"

"உன்னைத்தான்."

"அப்ப யாரு பாத்துக்கிட்டா?"

"அப்பா."

முயல் ஸ்டூலின் காலில் செருப்பால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு மைக்ரோஸ்கோப்பின் பக்கம் திரும்பி, "நீ பாக்கக் கூடாதுல்ல? அந்தப் பக்கம் திரும்பிக்கோ," என்றாள்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே வெயிலில் நாலைந்து ஸ்கூட்டர்கள். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு பலகையின் மூன்று வரியையும் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு," என்றாள் முயல். "ரெண்டு. மூணு."

ஒன்பதில் நின்றாள். திருகு திரும்பும் ஓசை கேட்டது. பல்லக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பத்து," என்று தொடர்ந்தது குரல். இருபதில் கொஞ்சம் மெதுவானது. முப்பதுகளில் மூச்சோடு கலந்து வந்தது. அங்கே கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

"நாப்பத்தி ஒண்ணு. நாப்பத்தி ரெண்டு."

நின்றது. திருகு ஒருமுறை முன்னால் போய், ஒருமுறை பின்னால் வந்தது.

"நாப்பத்தி மூணு," என்றாள் முயல். அப்புறம் தனக்குள் சொல்லிக்கொள்வது போல, ஆனால் கேட்கும்படியாகவே, "வந்துட்டியா."

ஜன்னல் கண்ணாடியில் குனிந்த பிடரியும் பின்னலும் தெரிந்தன. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விரல் மேஜையைத் தட்டியது. நாற்பத்து நான்கு, நாற்பத்து ஐந்து, நாற்பத்து ஆறு.