புது மாத்திரையில் கனவு வராது

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை கற்பனையில் உதித்ததல்ல, ஒட்டுக்கேட்டது. எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் மையத்தில், எனக்கு முன் பெஞ்சில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். (எனக்கு அங்கே என்ன வேலை? எனக்கும் மாத்திரைதான். மேலே படியுங்கள்.)

2

"மரக்காணத்து உப்பளத்தில் கண்ணீரும் உப்பாய்..."

இந்த வரியை அடித்துவிட்டேன். பெஞ்சில் யாரும் அழவில்லை. சவரிமுத்துவும் சகாயசெல்வியும் உப்பு வாருகிறவர்கள். இருவரும் துணையை இழந்தவர்கள், இருவருக்கும் எச்.ஐ.வி., தை மாதம் கல்யாணம். யாருடைய வைத்தியம் நல்லபடியாக ஆரம்பித்தது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

3

சவரிமுத்துவின் காலத்தில், எதிர்ப்புச் சக்தி குறையட்டும், பிறகு மாத்திரை என்றார்களாம். இரண்டு வருடம் காத்திருந்து, இளைத்து, பழைய மாத்திரையில் ஆரம்பித்தார். அதில் கனவுகள் வந்தன.* ஒரு கனவில் தாசில்தார் உப்புக் குவியலில் சறுக்கி விளையாடினார். செல்விக்கோ நோய் தெரிந்த வாரமே புது மாத்திரை. கனவில்லை, ஆறு கிலோ கூடி, ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் தைத்தார். போட்டியில் செல்விதான் ஜெயித்தார்.

* பக்கவிளைவு என்றார் மருத்துவர். எழுதுகிறவன் என்ற முறையில் பொறாமைப்பட்டேன்.

4

இங்கே கதை சிரிப்போடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செல்வி சவரிமுத்துவின் மாத்திரை டப்பாவை வாங்கித் திறந்து பார்த்துவிட்டார். அவரையும் புது மாத்திரைக்கு மாற்றியிருந்தார்கள். போன மாதம் கொடுத்தது நிறைய அப்படியே இருந்தது.

ஏன் போடவில்லை என்று கேட்டார். சவரிமுத்து செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பழைய மாத்திரையில அன்னமேரி கனவுல வரும். இதுல வர்லைங்க."

அன்னமேரி, இறந்துபோன மனைவி. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் இதைச் சொல்லும் ஒரு ஆண்பிள்ளையை நான் எழுதியிருந்தால், யாரும் நம்ப மாட்டார்கள் என்று நீக்கியிருப்பேன்.

செல்வி டப்பாவை மூடினார். கோபமா, அழுகையா, முகத்தில் தெரியவில்லை.

"அக்கா கனவுல வந்து இன்னா சொல்லும்?"

"மாத்திரை போட்டியான்னு கேக்கும்."

"சரி. இனிமே அத நான் கேக்குறேன்."

5

முடிவு ஒன்று: சவரிமுத்து மறுத்து, நோய் முற்றி, செல்வி தனியாக... (வேண்டாம். நானும் அதே மாத்திரை சாப்பிடுகிறவன்.)

முடிவு இரண்டு: அவர் அங்கேயே ஒன்றை வாயில் போட்டு, செல்வியின் பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்து...

உண்மையில் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் உள்ளே போகிறேன். நீங்கள் பெஞ்சிலேயே இருங்கள். அவர் கை டப்பாப் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.