ஒரு குடம் பாக்கி

“வாங்கினதத் திருப்பிக் குடுக்காம ஒருத்தர் செத்துட்டா என்னப்பா ஆகும்?”

ஆறு வயதில் எஸ்த்ரேயா கேட்ட கேள்வி அது. தகரக் குவளைக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த அப்பா மெர்காதோ தலை நிமிராமலே சொன்னார்: “ஆத்மா மறுபடி ஒரு உடம்பு எடுத்து வந்து குடுத்துட்டுப் போகணும், மகளே. மனுசனா வரலாம், மீனாவும் வரலாம். நம்ம ஊர் ஞானிங்க சொன்னது.”

இந்த வெள்ளிக்கிழமை விடியலில் அவர் போய்விட்டார். சாவு விழுந்த வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பிடித்துவைத்த தண்ணீர் இருக்கக் கூடாது என்பது சஃபேத் மலையூர் யூதர்களின் வழக்கம். எஸ்த்ரேயா வாளியை முற்றத்தில் கொட்டும்போது, சுவருக்கு அப்பால் ஜோயா அத்தை தன் குடத்தைக் கவிழ்க்கும் சத்தமும் கேட்டது.

அந்தக் குடம்தான். முப்பது வருடங்களுக்கு முன் இதே தெருவில் ஒரு சாவு. எல்லோரும் தண்ணீரைக் கொட்டிய நேரத்தில் அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. ஊற்றிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த ஜோயா, குடத்தை அப்படியே கொடுத்துவிட்டாள். எஸ்த்ரேயாவுக்கு முதல் குளியல் அந்தத் தண்ணீரில்தான்.

அப்பா திருப்பிக் கொண்டுபோன போதெல்லாம் ஜோயா வாங்கவில்லை. “தண்ணிக்குப் போய்க் கடனா? அடுத்த பிறவியில குடுங்க, மெர்காதோ. அப்பவாவது தலையில முடியோட வருவீங்க.”

அப்பா சிரிப்பார். ஆனால் போன வாரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு குடம் தண்ணிக்காக இன்னொரு தடவ பல்லு முளைக்கணுமா? களைப்பா இருக்கு மகளே” என்றார்.

சூரியன் சாய்ந்து ஓய்வுநாள் தொடங்குவதற்குள் அடக்கம் முடிய வேண்டும். மதியமே ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். எஸ்த்ரேயாவின் அடுப்படியில், மேல்தெருவில் வாங்கிய தண்ணீரில் ஜோயா துக்கச் சாப்பாட்டுக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுல தண்ணி இருக்கா அத்தை?”

“ஒரு சொம்பு போதும் எனக்கு. முட்டிவலியோட யாரு ஊத்துக்கு இறங்குறது?”

“நான் வேணும்னா...”

“அப்பன் விட்டான், மக பிடிச்சிக்கிட்டா. பேசாம உக்காரு.”

ஆண்கள் அடக்கம் முடித்துத் திரும்பிவிட்டால், துக்கம் காக்கும் ஏழு நாளும் எஸ்த்ரேயா வாசல் தாண்ட முடியாது.

“கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்” என்று எழுந்தாள். கொல்லைப்புறத்தில் அப்பா செய்த இரண்டு தகர வாளிகள் இருந்தன.

ஊற்றடியில் யாருமில்லை. கீழே சரிவில், புதிய மண்ணைச் சுற்றி ஆண்கள் சின்னதாகத் தெரிந்தார்கள். செத்தவருக்குச் செய்வதுதான் சுத்தமான உதவி, அவரால் பதிலுக்குச் செய்ய முடியாது என்று அப்பா சொல்வார். வாளிகள் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அவர் வைத்த ஈயம் அப்படி.

ஜோயாவின் கதவு சாத்தியபடி இருந்தது, பூட்டவில்லை. முதல் வாளி குடத்தின் கழுத்துவரை வந்தது. இரண்டாவதிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். தண்ணீர் விளிம்பில் நடுங்கி, பிறகு அசையாமல் நின்றது. மூடியை வைத்து, அதன் மேல் சொம்பை முன்போலவே கவிழ்த்தாள்.

கல்தரையில் நான்கைந்து துளிகள் சிந்தியிருந்தன. குனிந்து பாவாடை விளிம்பால் துடைத்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.