வைரக்கண்ணு வயலில் போட்ட துண்டு

நன்னிலத்துக்குக் கிழக்கே ஒரு வயலின் நடுவில் பண்ணையாள் வைரக்கண்ணு போட்ட துண்டை எட்டு ஆள் சேர்ந்து இழுத்தும் எடுக்க முடியவில்லை. சாதாரண ஈரிழைத் துண்டுதான். அந்த வருஷம் குறுவை சுமாராக விளைந்தது.

தறியிலிருந்து துண்டித்து எடுத்ததால் துண்டு என்று பெயர் வந்ததாகப் படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், யார் வேண்டாமென்றது? அந்தப் பக்கத்தில் துண்டுக்குப் பொருள் அது கிடக்கும் இடத்தைப் பொறுத்தது. தோளில் கிடந்தால் நிலம் உள்ளவர். இடுப்பில் கட்டியிருந்தால் அவர் எதிரே கூலிக்கு நிற்பவர். பஸ் ஜன்னல் வழியாகச் சீட்டில் விழுந்தால், ஆள் பின்னால் வருகிறது, யாரும் உட்காராதீர்கள் என்று அர்த்தம். பண்ணையார் சிங்காரவேலு வரப்பில் தலைகாட்டினால் வைரக்கண்ணுவின் துண்டு தானாகவே தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிக்கொள்ளும். கை படவே வேண்டாம், அப்படிப் பழகியிருந்தது.

பிறகு ஆட்சி மாறியது. கரைபோட்ட துண்டுக்காரர்கள் கோட்டைக்குப் போனார்கள், நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. செத்துப்போன அத்தை பெயரிலும் இன்னும் பிறக்காத பேரன்கள் பெயரிலும் பண்ணையார் எழுதிவைத்தது போக ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலம் உபரியாக மிஞ்சியது. அது வைரக்கண்ணுவுக்கு என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போன கையோடு, பண்ணையார் கோர்ட்டில் தடை வாங்கினார். வழக்கு முடிவதற்குள் அவர் உழுது நடவு போட்டுவிட்டால் நிலம் கைவிட்டுப் போனதுதான். மனைவி அம்சம் அழுதாள். "அழுவாத புள்ள, எடத்தப் புடிச்சுப் போட்டுட்டு வர்றேன்" என்று போன வைரக்கண்ணு, பஸ் சீட்டுக்குப் போடுவதுபோலத் துண்டை வயல் நடுவில் போட்டுவிட்டு வந்தார். அட, அந்த மனுஷனுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

பண்ணை ஆட்கள் சிரித்துக்கொண்டே எடுக்கப் போய், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார்கள். அரிவாள் மழுங்கியது. உழவு மாடுகள் வயலில் இறங்க மாட்டேன் என்று வரப்பிலேயே படுத்துக்கொண்டன. பண்ணையார் வைரக்கண்ணுவையே பிடித்துவரச் சொன்னார்.

"எடுடா அத."

"எடுத்துப் பாத்துட்டேங்க. எனக்கும் வரமாட்டேங்குது."

அது சத்தியம். அவரும் இழுத்துப் பார்த்திருந்தார். அவர்கள் நம்பவில்லை. மாலை வரை அடித்தார்கள், மாடு முட்டிச் செத்தார் என்று சொல்லச் சொன்னார்கள். பாவிகள்! ஊரும் அப்படியே சொன்னது.

வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. வெள்ளம் வந்து வைக்கோல் போரெல்லாம் மிதந்தபோதும் துண்டு மிதக்கவில்லை. கடைசியில் அம்சத்தின் பெயருக்குப் பட்டா வந்தது. சித்திரை வெயிலில் நிலத்தை அளக்க வந்த அதிகாரி, "இனிமே அத எடுத்துடலாமேம்மா" என்றார். அம்சம் குத்தவைத்து உட்கார்ந்து துண்டைத் தொட்டுப் பார்த்தாள். வியர்வையில் நனைந்திருந்தது.

"இருக்கட்டுங்க. அந்த மனுசன் இப்பத்தான் ஒக்காந்திருக்காரு. எழுப்ப வேணாம்."

துண்டைச் சுற்றி நாற்று நட்டாள். இன்றைக்கும் அப்படித்தான் நடுகிறார்கள். டிராக்டர் ஓட்டப் புதிதாக வருகிறவர்களிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம்.